வேலை கேட்க யாரிடம் போவது?

மேட்டூர் திறந்து, நடவும் முடிந்துவிட்டால் நம் டெல்டாப் பையன்கள் திருப்பூர், ஓசூர் என்று வேலை விசாரிக்கத் தொடங்குவார்கள். விசாரிப்பது பங்காளியிடமும் தெரு நண்பனிடமும்தான். ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்களுக்குத் தெரிவது ஒரே சேதி. உங்கள் காதுக்கு வராத காலியிடம் அவர்கள் காதுக்கும் வந்திருக்காது.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதைக் கணக்கோடு எழுதினார். அவர் ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கும் ஆள் வழியாகப் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதமே. எப்போதாவது பார்ப்பவர் வழியாக 56, அரிதாகப் பார்ப்பவர் வழியாக 28. ஆகவே பாலிடெக்னிக் சீனியர், அத்தை வீட்டுச் சம்பந்தி, பழைய சூப்பர்வைசர் என்று பேச்சு விட்டுப்போன இருபது பேரை முதலில் எழுதுங்கள்.

"அண்ணே, வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் "பாக்கலாம் தம்பி" என்றுதான் பதில் வரும். அவருக்கு மனமில்லாமல் இல்லை. அந்த வரியை அவர் மேலாளருக்கு அப்படியே தள்ளிவிட முடியாது, அவ்வளவுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"அண்ணே, மெக்கானிக்கல், உங்களுக்கு ரெண்டு வருஷம் ஜூனியர். சிஎன்சி டர்னிங் ஒன்றரை வருஷ அனுபவம். ஓசூர், கோயம்புத்தூர் எங்கேயும் வருவேன், நைட் ஷிஃப்ட் சரி. உங்க கம்பெனியில ஆள் எடுத்தா யார்கிட்ட பேசணும்?"

கடைசி வரிதான் முக்கியம். வேலையைக் கேட்டால் அவருக்குச் சுமை. பேச வேண்டிய ஆளின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். ஒரு பக்க பயோடேட்டாவை பிடிஎஃப்பாக, உங்கள் பெயரும் தொழிலும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி இணையுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

சொல்லிச் சேர்த்துவிட்டவர் முகத்துக்காக வந்த வேலையை முதல் மாதமே விட்டுவிட்டு வந்தால், அடுத்து உங்கள் ஊர்ப் பையனுக்கு அந்தக் கதவு திறக்காது. வளைகுடா வேலை என்றால் மாமாவே ஏஜென்டைக் காட்டினாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் உரிமத்தைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

எனக்கு மிகவும் உறுத்துவது, சீனியரோ சம்பந்தியோ யாருமே இல்லாதவர்களின் நிலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி, கல்யாணமாகி வேற்றூர் வந்த பெண், காலனித் தெருப் பிள்ளை. இவர்களுக்குத் திறமை குறைவில்லை, சேதிதான் எட்டவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போங்கள். அங்கே ஹெச்ஆர் எண்ணோடு, வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் வேற்றூர்க்காரர் இருவரின் எண்ணையும் வாங்கி வாருங்கள்.