ஆய்வேட்டுக்கு பிஎச்கியூ-9 எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை ஆய்வேட்டுக்கு, கடந்த இரண்டு கிழமையின் மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) வினாக்கொத்தை எடுத்திருந்தால், அதைத் தமிழாக்கும் மொழி வேலைக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஒன்பது கேள்விதானே என்று இரண்டு நாளில் முடித்தால், வாய்மொழிப் பரீட்சையில் பதில் சொல்ல ஏலாமல் போகும். ஏற்கெனவே உள்ள தமிழ்ப் பிரதியை எடுத்தாலும் இதே சோதனை வேண்டும்.

முதலில் விடைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்) வரை புள்ளி. 1 புள்ளிக்குரிய ‘several days’ என்ற விடையைப் ‘பல நாட்கள்’ என்று போட்டால், கேட்பவர் பாதிக்கு மேல் என்றே எடுப்பார். 1க்கும் 2க்கும் வேறுபாடு அழிந்துவிடும். ‘சில நாட்கள்’ போதும். பாதி நாட்களுக்கு மேல் என்ற 2க்கு ‘இரண்டு கிழமையில் ஏழு நாளுக்கு மேல்’ என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். மனதை ஒருமுகப்படுத்தக் கஷ்டமா என்று கேட்கும் ஏழாம் கேள்வி பத்திரிகை வாசிப்பதை உதாரணம் காட்டுகிறது. வாசிக்கத் தெரியாத ஆச்சி ‘அப்படி ஒண்டும் இல்லை’ என்பார், 0 விழும். எட்டாம் கேள்வியில் மெதுவாக அசைவதும் அந்தரப்பட்டு அலைவதும் சேர்ந்தே வருகின்றன. ‘அல்லது அதற்கு மாறாக’ விடுபட்டால் குழப்பம்தான். செத்தால் நல்லது, தன்னைக் காயப்படுத்தலாம் என்ற எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதில் ‘எண்ணம்’ என்பதற்கு ‘யோசனை’ போடாதீர்கள், இங்கே அது கவலை. அந்தக் கேள்விக்கு யாராவது 1 சொன்னாலும் அன்றே யாரிடம் அனுப்புவது என்பதை, தரவு சேர்க்க முன்பே உறுதிசெய்யுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

பெயர்ப்பவர் இருவர் தனித்தனியே செய்யட்டும்: ஒருவர் குடாநாட்டுப் பேச்சில் வளர்ந்தவர், மற்றவர் மலையகப் பின்னணியோ முஸ்லிம் பின்னணியோ உள்ளவர். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்க்க வேண்டும். பிறகு ஏழெட்டுப் பேரிடம் வாசித்து, ‘இது உங்களுக்கு என்னமாதிரி விளங்கினது?’ என்று கேளுங்கள். மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளும் மொத்தப் புள்ளியின் எல்லையான 10 என்ற வெட்டுப்புள்ளி 2001இல் அமெரிக்க நோயாளரிடம் பெறப்பட்டது. இங்கே அதை வைத்து ‘மனச்சோர்வு நோயாளர்’ என்று எழுதாதீர்கள்.

கூடுதலாகப் பிழைப்பது விவரப் படிவத்தில். ‘சொந்த ஊர் எது, எவடம்?’ என்று கேட்டால் சாதியைத்தான் விசாரிக்கிறீர்கள் என்று வாய் மூடிவிடும். தற்போது வசிக்கும் பிரதேச செயலாளர் பிரிவை மட்டும் கேளுங்கள். யாழ் மாவட்டத்தில் அவை 15. திருமண நிலைக்கு ‘விதவை’ என்ற ஒரு கட்டம் போதாது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் அதில் கோடிட மாட்டார், கோடிடச் சொல்வதே காயப்படுத்தல். ‘கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று தனிக் கட்டம் வையுங்கள்.

யாழ் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியைச் சுற்றி மட்டும் ஆள் சேர்த்துவிட்டு ‘யாழ்ப்பாண மக்கள்’ என்று தலைப்பிடுவது நேர்மையல்ல. தீவுகளையும் சேருங்கள்; நெடுந்தீவுக்குப் போவதானால் குறிகட்டுவான் இறங்குதுறைப் படகு நேரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மீண்டும் வந்த முஸ்லிம் குடும்பங்களிடம் சோனகதெருவுக்குப் போவதானால் வெள்ளி மதியத்தைத் தவிருங்கள்; பெண்களிடம் பெண்ணே பேசட்டும்.

உளவளத்துணைப் பயிற்சி அமர்வுக்கும் இதே கண் வேண்டும். அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, மரியாதை குறைந்த ‘நீர்’ எத்தனை, மரியாதையான ‘நீங்கள்’ எத்தனை என்று எண்ணுங்கள். ஆசிரியருக்கு ‘நீங்கள்’, அதே வயதுக் கூலித்தொழிலாளிக்கு ‘நீர்’ என்று தன்னை அறியாமலே வரும். அந்தப் பக்கத்தை அடிக்கோடிட்டு மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள்.