ஏற்றத்தில் மட்டும் ஏறிய முள்

என்னிடம் இருப்பது இருபது வயதைத் தாண்டிய டீசல் பிக்கப். ஓடோமீட்டர் மூன்று லட்சத்தைக் கடந்து கொஞ்ச காலம் ஆகிறது. சுமையோடு ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது, எப்போதும் பாதியில் நிற்கும் டெம்பரேச்சர் முள் முக்கால் அளவைத் தொட்டது. ஏற்றம் முடிந்து சமதளம் வந்ததும் மெல்ல இறங்கிவிட்டது. இறங்கிவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

அடுத்த முறை அதே ஏற்றத்தில் முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது. ஓரம் கட்டி, ஏசியை அணைத்து, கேபின் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டேன். வெயிலில் ஹீட்டர் போடுவது கொடுமைதான், ஆனால் அதுவும் எஞ்சின் சூட்டை இழுத்து வெளியே விடும் ஒரு குட்டி ரேடியேட்டர். முள் இறங்கியது. அப்புறம் எஞ்சினை அணைத்து, கால் மணி நேரம் போதும் என்று நினைத்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் திருகினேன். சீறிக்கொண்டு வந்தது. கை தப்பியது என் அதிர்ஷ்டம். என் வண்டி மூடியில் 0.9 பார் என்று எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வதையே செய்தேன். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டேன், புதிதாக வாங்கி மாட்டினேன். எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை, அதாவது சூட்டைச் சுமந்து சுற்றும் திரவத்தை, ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. பழையதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் முள் மறுபடி ஏறிய பிறகுதான் பழையதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்த பாத்திரத்துத் தண்ணீரில் சூடாக்கினேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. 82, 83-ல் திறக்க ஆரம்பித்து 95-க்குள் முழுதாகத் திறந்தது. ஒரு குறையும் இல்லை.

"தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிங்க, சூடே ஏறாது" என்று ஒருவர் சொன்னார். பலரும் சொல்கிற யோசனைதான். ஆனால் என் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேலே வழி திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடத்தான் செய்யும்.

அடுத்து, கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப். இது ஒரு மெக்கானிக் சொல்லி மாற்றியது. அதன் கசிவுத் துளை காய்ந்திருந்தது, தண்டில் ஆட்டம் இல்லை. பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு இரண்டும் அடையாளம். இரண்டையும் நானே பார்த்தேன், பார்த்த பிறகும் மாற்றினேன். கழற்றிய பம்பில் இறக்கைகள் முழுசாக இருந்தன. இரண்டு பாகம் வாங்கியாகிவிட்டது, முள் மட்டும் அசரவில்லை.

அதற்கு அப்புறம்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எப்போது சூடு ஏறுகிறது, எப்போது ஏறவில்லை என்று ஒரு வாரம் எழுதினேன். நின்றபடி நாற்பது நிமிடம் ஐட்லில் ஓடினால் ஏறவில்லை. சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவில்லை. சுமையோடு இரண்டாம் கியரில் ஏற்றத்தில் போனால் சூடு வேகமாக ஏறுகிறது. சுமையோடு, ஏசி போட்டு, 100-ல் போனால் இருபது நிமிடம் கழித்து மெதுவாக ஏறுகிறது. கடைசி இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்தால் அப்படி இருக்க வழியில்லை. மெதுவாகப் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன். 100-ல் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு வேலையே இல்லை. அங்கேயும் சூடு ஏறினால் ரேடியேட்டரில் ஏதோ குறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூலன்ட் சரியாக ஓடவில்லை.

மீட்டர் முள்ளையும் நம்பக்கூடாது என்று இந்த வாரத்தில் புரிந்தது. பல வண்டிகளில் நடுவில் ஒரு பெரிய இடைவெளிக்கு முள் அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். எஞ்சின் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் அதே இடம்தான். ஆகவே ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும் என்பதால் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, அதைக் குறிவைத்து அளந்தேன்.

இதற்கிடையில் விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்." எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில், சிலிண்டர் வாயுவும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடு அது. கேட்டாலே வயிற்றைக் கலக்கும் வார்த்தை. அதைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போகக்கூடாது என்று மூன்று சோதனை செய்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். சூடாகும் முன்பே கல்லாக இறுகினால் சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது என்று அர்த்தம். இறுகவில்லை. அடுத்து, ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துப் பார்க்கும் சோதனை. எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும். டீசல் எஞ்சின் ஐட்லில் கார்பன் டை ஆக்சைடு குறைவாகத்தான் விடும், அதனால் ஐட்லில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைத்தும் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. மூன்றாவது, பிரஷர் டெஸ்டரை மாட்டி 0.9 பார் ஏற்றி வைத்தேன். கால் மணி நேரத்தில் முள் இறங்கவில்லை.

அதே டெஸ்டரில் மூடியையும் மாட்டிப் பார்த்தபோது, அது பாதி அழுத்தத்திலேயே காற்றை விட்டது. ரெசர்வ் பாட்டிலுக்குப் போன கூலன்ட் ஆறிய பிறகும் திரும்பி வராமல் இருந்ததற்கும் காரணம் இந்த மூடிதான். மூடியின் உள்வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் மலிவான பாகம் அது, கடைசியில்தான் அதைப் பார்த்தேன். மாற்றியதும் பொங்குவது நின்றது. சூடு ஏறுவது நிற்கவில்லை.

அப்புறம் ஃபேன் கிளட்ச். என் வண்டியில் ஃபேன் நேரடியாக எஞ்சினோடு சுற்றாது. நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கும். அதன் முகப்பில் சுருள் வடிவில் ஒரு இரட்டை உலோகத் தகடு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் தகடு வளைந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே பாய்ந்து ஃபேனை எஞ்சின் வேகத்துக்குக் கிட்டே இழுத்துப் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டி நன்றாகச் சூடானபின் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினேன். சூட்டில் அது அரைச் சுற்றில் முரண்டு பிடித்து நிற்க வேண்டும். ஐந்தாறு சுற்று சுகமாகச் சுற்றியது. கிளட்ச்சின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கோடுகள், அவற்றின் மேல் தூசி. எண்ணெய் எப்போதோ வடிந்து போயிருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் ஏற்றத்தில் இந்த வண்டி விமானம் கிளம்புவது போல இரையும். ஒரு வருடமாக அந்த இரைச்சல் இல்லை. என் பராமரிப்பில் வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

புது கிளட்ச் போட்டதும் ஏற்றம் சரியாகிவிட்டது. 100-ல் சூடு ஏறுவது அப்படியே இருந்தது, நோட்டு சொன்னபடியே. இனி மிச்சம் ரேடியேட்டர்தான். எஞ்சினைச் சூடாக்கி ரேடியேட்டர் முகத்தை இன்ஃப்ராரெட்டால் பத்தி பத்தியாக அளந்தேன். மேலிருந்து கீழ் ஓடும் குழாய்கள் கொண்ட பழைய வகை அது. நடுவில் மேலே 90, கீழே 70 என்று படிப்படியாக இறங்கியது. வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை 45-ஐத் தாண்டவில்லை. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாது, அந்தக் குழாய்களில் கூலன்ட் ஓடவே இல்லை.

கழற்றினேன். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் புல் விதையும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கிடந்தது. முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே, பல வருடம் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் படிந்த உப்பு. எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சி ரிவர்ஸ் ஃபிளஷ் செய்தும் ஓரக் குழாய்கள் திறக்கவில்லை. வேறு ரேடியேட்டர்தான் போட வேண்டியிருந்தது. கண்டன்சரை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினேன். அதிவேகப் பீய்ச்சு கருவி அதன் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

புதிதாக ஊற்றியது கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. முன்பக்கம் உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டேன். குமிழ் வருவது நிற்க அரை மணி நேரம் ஆனது. இதைப் பொறுமையாகச் செய்யாவிட்டால் காற்று உள்ளே சிக்கி ஏர் லாக் ஆகி, புது ரேடியேட்டரோடு பழைய கதை மறுபடி தொடங்கும்.

போன வாரம் அதே சுமையோடு அதே ஏற்றம். பாதி தூரத்தில் ஃபேன் பிடித்துக்கொண்டு இரைந்தது, முள் பாதியிலேயே நின்றது. உச்சியில் நிறுத்திக் கறுப்பு டேப்பில் அளந்தேன், 91. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் கவலையோடு பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு இரையுதே, ஏதாவது பேரிங் போயிருக்கும்னு நினைக்கிறேன், பாத்துக்குங்க" என்றார்.