குளிர்காலத்தில் ஹைபிரிட் காரின் ஹீற்றர்

கடந்த ஜனவரியில் ஒரு நாள் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட்டு ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, காரின் திரையில் 5.4 என்ற எண் தெரிந்தது. வெளியே −14 பாகை. நூறு கிலோமீற்றருக்கு 5.4 லீற்றர் என்பது, அந்தக் குளிரில் நகரத் தெருக்களில் நான் அதுவரை கண்டிராத கணக்கு. மகிழ்ச்சியோடு இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். அம்மா சீற் பெல்ற்றின் சிவப்புப் பொத்தானை அழுத்த முடியாமல் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். "கை விறைச்சுப் போச்சு தம்பி, நீயே கழட்டி விடு" என்றார். வழி முழுவதும் ஹீற்றரை நிறுத்தி வைத்திருந்தது நான்தான். அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்று நான் மிச்சம்பிடித்த பெற்றோல் அவருடைய உடம்புச் சூட்டிலிருந்து வந்தது.

அன்று இரவு முதல், எரிபொருளையும் உடம்பையும் சேர்த்தே காப்பாற்ற வழியுண்டா என்று ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். என்னுடையது 2012ஆம் ஆண்டு ரொயோற்றா பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். கோடையில் 4.6 அளவில் ஓடும் அதே கார், ஜனவரியில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் குறுந்தூரம் ஓடும்போது 6.7 வரை ஏறிவிடும். இது என் காரின் குறையன்று. 25 பாகையில் ஓடுவதோடு ஒப்பிட்டால், −7 பாகையில் சாதாரணப் பெற்றோல் கார் ஒரு லீற்றரில் ஓடும் தூரம் நகரத்தில் ஏறத்தாழ 15 சதவீதமும், ஐந்தாறு கிலோமீற்றர்க் குறும்பயணங்களில் 24 சதவீதம் வரையும் குறையும் என்றும், ஹைபிரிட் கார்களில் அந்த இழப்பு 30 முதல் 34 சதவீதம் வரை இருக்கும் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது.

காரணம் எளிது. சாதாரண எஞ்சின் தான் எரிக்கும் பெற்றோலில் பெரும் பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. அந்த வீண் வெப்பத்தை, எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவமான கூலண்ட் ஏந்திக்கொண்டு வந்து ஹீற்றரிடம் கொடுப்பதால், அந்தக் காரில் இருப்பவருக்குச் சூடு செலவின்றிக் கிடைக்கிறது. ஹைபிரிட் எஞ்சினோ குறைவாக வீணடிக்கிறது. சிவப்பு விளக்கிலும் இறக்கத்திலும் நின்றே போகிறது. கோடையில் நாம் மெச்சும் அந்தச் சிக்கனந்தான் குளிர்காலத்தில் வெப்பப் பஞ்சமாகிறது. கூலண்ட் ஓர் அளவுக்குக் கீழே ஆறியதும், வண்டி நகராமல் நின்றாலும், நமக்குச் சூடு தருவதற்காகவே எஞ்சின் மீண்டும் இயங்குகிறது. ஹைபிரிட் காரில் ஹீற்றருக்குப் பெற்றோல் விலை உண்டு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

காரை வடிவமைத்தவர்களும் இந்தப் பஞ்சத்தை அறிந்தே இருந்தார்கள். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில், நாம் தேநீர் கொண்டுபோகும் வெந்நீர்க் குடுவையைப் போன்ற ஒரு கொள்கலன் இருந்தது. சுமார் மூன்று லீற்றர் சூடான கூலண்டைச் சேமித்துவைத்து, அடுத்த முறை எஞ்சின் தொடங்கும்போது திருப்பிக் கொடுக்கும். மூன்றாம் தலைமுறையில் அதை விட்டுவிட்டு, புகைக்குழாய் வழியே வெளியேறும் வெப்பத்தைக் கூலண்டுக்கு மீட்டுத் தரும் அமைப்பை வைத்தார்கள். என் காரில் இருப்பது அதுதான். அது இல்லாவிட்டால் என் 6.7 இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

கூலண்டின் வெப்பத்தைக் காட்டும் சிறு கருவியொன்றை வாங்கிச் செருகி, இரண்டு வாரம் குறித்துக்கொண்டேன். விசிறி உச்ச வேகத்தில் சுழலும்போது, ஒரு நீண்ட சிவப்பு விளக்குக்குள் கூலண்ட் ஐந்தாறு பாகை இறங்கிவிடுகிறது. எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. விசிறியைத் தாழ்ந்த வேகத்தில் வைத்து, வெப்பநிலையை 23க்குப் பதிலாக 19இல் விட்டால், அதே சந்தியில் இரண்டு பாகைதான் இறங்குகிறது. பச்சை விளக்கு விழும்வரை எஞ்சின் அமைதியாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயன் முதல் சில நிமிடங்களில் கிடைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீற்றரைப் போட்டால் வருவதோ குளிர்காற்று. அந்த நேரத்தில் கூலண்டிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவது, கொதிக்காத உலையிலிருந்து நீரை மொண்டு எடுப்பதற்குச் சமம். ஆகவே முதல் நான்கைந்து நிமிடம் விசிறியை நிறுத்தி, சீற் ஹீற்றரை மட்டும் போடுகிறேன். காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்கப் பல ஆயிரம் வாட் தேவைப்படும்போது, ஓர் இருக்கைக்கு நூறு வாட் அளவே போதும். முதுகும் தொடையும் சூடேறிவிட்டால் 19 பாகைக் காற்று குறையாகத் தெரிவதில்லை.

ஆனால் என் காரில் சீற் ஹீற்றர் முன்னிருக்கைகளுக்கு மட்டுமே உண்டு. பின்னிருக்கைதான் பாதுகாப்பு என்று நினைத்து அம்மாவை அங்கே அமர்த்தி, மேலே ஒரு கம்பளியையும் போர்த்தி வந்தேன். அந்தக் கம்பளியின் ஓரம், பின்னிருக்கையின் வலப்புறம் உள்ள சிறு காற்றுத் துளைகளை மூடிக்கொண்டிருந்ததைப் பின்னர்தான் கவனித்தேன். ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று போகும் வாசல் அது. கோடையில் பற்றரியைக் குளிர்விப்பதும், குளிர்காலத்தில் நாம் சூடாக்கிய காற்றில் ஒரு பங்கைப் பற்றரிக்குக் கொண்டுபோவதும் அதே வழிதான். விறைத்த பற்றரி மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் தயங்கும். அப்போது சுமை எஞ்சின்மேல் விழும். எனவே பயணிகளுக்குக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் வீண் செலவு என்று நான் எண்ணியிருந்தது பிழை. இப்போது அம்மா முன்னிருக்கையில் அமர்கிறார். அந்தத் துளைகளின் பக்கம் பையோ போர்வையோ போவதில்லை.

சூட்டை வெளியே விடாமல் காப்பது இன்னொரு வேலை. ஹார்ட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்களுக்கு உறையாகப் போடும் கறுப்பு நுரைக்குழாயை வாங்கி, நீளவாக்கில் பிளந்து, முன்பக்கக் கீழ்க் கிரில்லின் சட்டங்களில் கவ்வவிட்டேன். எஞ்சின் அறைக்குள் புகும் பனிக்காற்று குறைய, கூலண்ட் விரைவாகச் சூடேறி, மெதுவாக ஆறுகிறது. முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் மின்மாற்று அமைப்பைக் குளிர்விக்கவும் காற்று வேண்டும் என்பதால் மேற்பகுதியைத் திறந்தே விட்டேன். நெடுஞ்சாலை 401இல் ஓடும்போது கருவியில் ஒரு கண் வைத்திருந்தேன். புறப்படுமுன் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும், கனடாவில் பழக்கமான பிளொக் ஹீற்றரையும் பொருத்தினேன். என்னுடையது 400 வாட். ஏழு மணிப் பயணத்துக்கு ஐந்து மணிக்கு இயங்கும்படி டைமர் வைத்தால் ஓர் அலகுக்கும் குறைவான மின்சாரம்தான் செலவாகிறது, அதுவும் ஒன்ராறியோவில் கட்டணம் குறைவான இரவு நேரத்தில். இரவு முழுவதும் செருகி வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இரண்டு மணிநேரமே போதும்.

டயரின் காற்றழுத்தம் ஒவ்வொரு ஐந்தாறு பாகைக்கும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும் என்பதால், ஒக்டோபரில் நிரப்பியதை நம்பாமல் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். பனிக்கால டயர் சற்றுக் கூடுதல் பெற்றோல் குடிக்கும். அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முகப்புக் கண்ணாடியில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஹீற்றரை நிறுத்தி, உட்காற்றையே சுழலவிட்டு ஓடிய ஒரு மாலையில், மூவரின் மூச்சுக்காற்றும் கண்ணாடியில் படிந்து, மக்கோவன் வீதியில் கடவைக்கு அருகே நின்ற ஒருவரைக் கடைசி நொடியில்தான் கண்டேன். அவர் நடக்கத் தொடங்கியிருக்கவில்லை. அந்த நினைவு வரும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கண்ணாடியில் படியும் மூட்டத்தை அகற்றும் பொத்தானை அழுத்தினால் ஈரத்தை உலர்த்தக் குளிர்சாதனக் கருவியும் சேர்ந்து இயங்கும், எஞ்சினும் எழும்பும், எழும்பட்டும். வெளிக்காற்று உள்ளே வரும்படி விடுவதும், புறப்படுமுன் சப்பாத்திலுள்ள பனியைத் தட்டிவிட்டு ஏறுவதும் அந்தத் தேவையைப் பெருமளவு குறைக்கின்றன.

இந்தக் குளிர்காலத்தில் இதுவரை என் சராசரி 5.8. ஹீற்றர் இன்றி எடுத்த 5.4ஐ விட அது கூடுதல்தான், ஆனால் இந்த 5.8இல் அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறார். நுரைக்குழாய்களைக் காலத்தோடு கழற்றாவிட்டால் வெயில் ஏறும்போது எஞ்சின் சூடேறிப்போகும் என்பதால், சமையலறை நாட்காட்டியில் அம்மாவின் மருத்துவ நாட்களுக்குக் கீழே, சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமையில் 'கிரில்' என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.