சைக்காலஜி படிச்ச பிள்ளைக்கு கடல்ல என்ன வேலை?

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊரான எங்க தூத்தூர்ல பாதிப்பேர் என்கிட்ட கேக்குற கேள்வி இது. பதில் குஜராத்ல இருக்கு.

திமிங்கலச் சுறாவைப் பிடிக்கக் கூடாதுன்னு 2001-லேயே சட்டம் வந்தாச்சு. சட்டத்தை மட்டும் நம்பியிருக்காம, 2004-ல அங்க ஒரு பிரச்சாரம் தொடங்குனாங்க. ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு, அந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வர்ற மகள் மாதிரின்னு சொன்னார். மகளை யாரு வெட்டி விப்பா? வலையை அறுத்து விட்டவங்களுக்கு வனத்துறை வலைக்கு நிவாரணமும் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவங்களே விடுவிச்சிருக்காங்க.

இதுல பாசமும் பணமும் சேர்ந்தே நிக்குது. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணு நடக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆழ்கடல்ல சுறாத் தூண்டில் போட்ட எங்க மாமா கேட்டதும் அதேதான்: "மக்ளே, வலைய அறுக்கச் சொல்லுதியே, அந்த மாசம் வட்டி யாரு கெட்டுவா?"

சுறாவைப் பிடிக்காதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டுறவங்க இந்தக் கேள்வியைக் கேக்குறதே இல்ல. மீன் எண்ண ஆள் இருக்காங்க. கடன், கௌரவம், பக்கத்து வள்ளக்காரன் என்ன செய்யிறான்னு உக்காந்து கேக்கத்தான் ஆள் வேணும். எனக்கு அந்த வேலைதான் வேணும்.

நம்ம மாவட்டத்துல இதே ஆசையோட யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க.