எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வரைகிறவர்கள்

சர்வர் கட்டமைப்பை வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் முதல் நாள் காலை நான் செய்வது ஒரே ஒரு வேலைதான். ஒரு பத்தி அளவுக்கு ஒரு தேவையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒயிட்போர்டு பேனாவையும் அவர்கள் கையில் தந்துவிட்டு, அறையின் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். 1200 பேர் வேலை செய்யும் நிறுவனம், எல்லாரும் பயன்படுத்தும் ஒரு வெப் அப்ளிகேஷன், அதற்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ், 'எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்' என்று வாடிக்கையாளர் சொல்கிறார். அவ்வளவுதான் அந்தப் பத்தி. பத்தே நிமிடத்தில் எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே படத்தை வரைந்திருக்கும்: மேலே இரண்டு ஃபயர்வால், கீழே வருகிற கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்ஸர், அதன்கீழ் இரண்டு வெப் சர்வர், இரண்டு அப்ளிகேஷன் சர்வர், அடியில் கிளஸ்டர் போட்ட, அதாவது ஒன்று நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் டேட்டாபேஸ். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர்கூடத் திரும்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

இதை அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. நானும் இப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். விண்டோஸ் சர்வர் 2008 வந்த சமயத்தில்தான் நிர்வாக வேலையிலிருந்து பயிற்சி பக்கம் வந்தேன். அப்போது மைக்ரோசாப்ட்டின் எம்சிஐடிபி சான்றிதழுக்குப் பெரிய மவுசு. வடிவமைப்புக்கென்றே தனியாகப் பாடங்கள் இருந்தன; வெப் சேவை, தொலைவிலிருந்து சர்வரில் வேலை செய்ய உதவும் டெர்மினல் சர்வீசஸ், டேட்டாபேஸ், கிளஸ்டர் என்று ஒவ்வொன்றையும் எப்படித் திட்டமிடுவது என்று வரிசையாகப் போகும். பாடத்திட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை. நான் நடத்திய விதம்தான் தப்பு. ஸ்லைடைக் காட்டுவேன், இந்தத் தேவைக்கு இந்த அம்சம் என்று பொருத்திச் சொல்லுவேன், லேபில் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டுவேன், அவர்கள் தேர்வு எழுதிப் பாஸ் ஆகிவிடுவார்கள். தேர்வில் நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எந்த வாடிக்கையாளரும் நான்கு விடையோடு வருவதில்லை. சொல்லப்போனால் கேள்வியோடு வருகிறவர்களே குறைவு.

அப்போது மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவற்றில் இன்று எவ்வளவு மிச்சம் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். டெர்மினல் சர்வீசஸ் 2008 ஆர்2-விலேயே பெயர் மாறிவிட்டது. ஒரு டேட்டாபேஸின் நகலை இன்னொரு சர்வரில் உடனுக்குடன் வைத்திருக்கும் டேட்டாபேஸ் மிரரிங்கை மணிக்கணக்காக நடத்தினேன். மைக்ரோசாப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2012 வந்ததும் அதை இனி புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2008 சர்வருக்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. எம்சிஐடிபிக்கு அடுத்து வந்த எம்சிஎஸ்இ சான்றிதழே 2021 ஜனவரி 31-ல் ஓய்வுபெற்றது. என் பழைய ஸ்லைடுகளில் முக்கால்வாசி குப்பைக்குப் போனது. சரி, போகட்டும். போகாமல் நின்றவை எல்லாம் நான் அப்போது போகிறபோக்கில் சொன்ன கதைகள்தான், முக்கியமாக நானே சொதப்பிய கதைகள்.

அதில் ஒன்றை இன்றும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். நான் வடிவமைத்துக் கொடுத்த முதல் பெரிய வெப் தளம். இரண்டு வெப் சர்வர், முன்னால் லோடு பேலன்ஸர், ஒரு பயனர் எந்த சர்வருக்கு முதலில் போனாரோ அதற்கே மறுபடி போகும்படி அமைப்பு. இரவு பகல் பாராமல் ஆள் வந்துபோகும் தளம். திறந்த ஒரு வாரத்தில் புகார் வந்தது: வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். திங்கள் காலை 9 மணி என்றார் ஒருவர். செவ்வாய் மதியம் 2 மணி என்றார் இன்னொருவர். புதன் இரவு 7. வியாழக்கிழமை ஒரு புகாரும் இல்லை, சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போனால் வெள்ளி பிறக்கிற நள்ளிரவு 12-க்கு மறுபடியும். அதுவும் எல்லாருக்கும் இல்லை, பாதிப் பேருக்குத்தான். நெட்வொர்க் ஆட்களை நான் சந்தேகப்பட்டேன், அவர்கள் டெவலப்பர்களைச் சந்தேகப்பட்டார்கள், டெவலப்பர்கள் பயனர்களையே சந்தேகப்பட்டார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, என்னவாக இருக்கும் என்று வகுப்பிடம் கேட்பேன். வைரஸ் ஸ்கேன், பேக்கப், கெட்டுப்போன கேபிள் என்று எல்லாம் வரும். யாராவது ஒருவர் அந்த நேரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்தால் போதும்: ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 29 மணி நேரம். விண்டோஸின் வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ், அப்ளிகேஷன் ஓடும் இடமான தன் அப்ளிகேஷன் பூலை 1740 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதுதான் யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் அமைப்பு. தினமும் ஒரே நேரத்தில் வந்து விழாமல் இருக்கட்டும் என்று 24-க்கு அடுத்த பகா எண்ணை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். புதுப்பிக்கும்போது தளம் நிற்காது, புது பிராசஸ் எழுந்த பிறகுதான் பழையது போகும். ஆனால் பழையதின் நினைவில் இருந்த செஷன், அதாவது யார் லாகின் ஆகியிருக்கிறார்கள் என்ற குறிப்பு, எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும். இன்னொரு சர்வரின் கடிகாரம் வேறு நேரத்தில் ஆரம்பித்தது, அதனால் ஒரு சமயத்தில் பாதிப் பேர். செஷன் எங்கே வைக்கப்படுகிறது என்று டெவலப்பர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை. 'அது அப்ளிகேஷன் சமாசாரம், நம் வேலை சர்வர்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் செஷனை வெளியே எடுத்து, அதற்கென்றே உள்ள ஸ்டேட் சர்வரில் தனியாக வைத்தோம், புகார் நின்றது.

வகுப்பில் அதிகம் தடுமாறுகிறவர்கள் புதியவர்கள் இல்லை என்பது எனக்கு ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து வருடம் சர்வர் பார்த்தவர் ஒருவர் வந்திருந்தார், கண்ணைக் கட்டிவிட்டாலும் கிளஸ்டரைக் கட்டி எழுப்பிவிடுவார். நான் வாடிக்கையாளராக நடிக்கும் பயிற்சியில் என் எதிரே உட்கார்ந்தவர் இரண்டே நிமிடத்தில் 'சரி சார், செய்துடலாம்' என்று எழுந்துவிட்டார். ஒரு கேள்வியும் இல்லை. டீ இடைவேளையில் பேசும்போதுதான் புரிந்தது. அவரை இத்தனை வருடமாக யாரும் ஒரு முடிவு எடுக்கும் அறைக்குக் கூப்பிட்டதே இல்லை. ஏதாவது உடைந்தால் கூப்பிடுவார்கள், டிக்கெட்டில் எழுதியிருப்பதைச் செய்வார், மூடுவார். திருப்பிக் கேள்வி கேட்பது எதிர்த்துப் பேசுவதாகிவிடும் என்ற பயம் உடம்பில் ஊறியிருக்கிறது. இதற்கு எந்த ஸ்லைடும் மருந்தில்லை. டெஸ்டிங்கில் இருந்து வந்த ஒரு சின்னப் பெண் அதே பயிற்சியில் கேட்ட முதல் கேள்வி, 'மாதக் கடைசியில என்ன சார் நடக்கும்?' என்பது. சம்பளக் கணக்கு ஓடும், அன்று மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்போது கிளஸ்டர் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது.

வாடிக்கையாளராக நடிப்பது எனக்குப் பிடித்த பகுதி. நிதித்துறைத் தலைவர் நான். 'ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, ஒரு பதிவுகூடத் தொலையக் கூடாது' என்று மேசையைத் தட்டுவேன். பெரும்பாலானவர்கள் எழுதிக்கொள்வார்கள். சிலர்தான், அப்படியென்றால் இன்னொரு இடத்தில் இதே மாதிரி முழுவதும் ஒருமுறை கட்ட வேண்டும், ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்திலும் எழுதி முடித்த பிறகுதான் திரையில் பதில் வரும், செலவும் ஏறும், வேகமும் குறையும் என்று சொல்வார்கள். சொன்னவுடன் நான் இறங்கி வருவேன்: 'அப்படியா? அப்ப நாலு மணி நேரம் நின்றால் பரவாயில்லை, அரைமணி நேரத்து டேட்டா போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.' நிஜ வாடிக்கையாளர்களும் இப்படித்தான், விலையைச் சொல்லும்வரை எல்லாருக்கும் எல்லாமே உயிர் போகிற விஷயம். ஆர்டிஓ, ஆர்பிஓ என்று புத்தகத்தில் இருப்பது இந்த இரண்டு பதில்கள்தான், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு டேட்டா தொலையலாம்.

கணக்கு என்றால் வகுப்பே கொஞ்சம் பின்வாங்கும், ஆனால் இரண்டு கணக்கை விடுவதில்லை. 99.9 சதவீத நேரம் ஓடும் என்றால் வருடத்தில் 8 மணி 45 நிமிடம் நிற்கும். அப்படிப்பட்ட மூன்று அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், மூன்றில் எது நின்றாலும் தளம் நிற்கும், ஆக 99.7, வருடத்துக்கு 26 மணி நேரம். அங்கேயே சிலர் முகம் மாறும். எதிர்ப்பக்கமும் உண்டு: 99 சதவீத சர்வர் இரண்டை அருகருகே வைத்தால் காகிதத்தில் 99.99 வரும், அதனால்தானே எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வரைகிறார்கள். ஆனால் அந்தப் பெருக்கல் இரண்டும் தனித்தனியாகச் சாகும் என்று வைத்துக்கொண்டு போட்டது. இரண்டு சர்வரும் வெர்ச்சுவல் மெஷின்களாக ஒரே ஹோஸ்ட்டில், அதாவது ஒரே நிஜ மெஷினில், உட்கார்ந்திருந்தால்? ஒரே ஸ்டோரேஜ், ஒரே சுவிட்ச், ஒரே நாளில் காலாவதியாகும், தளத்தின் ஒரே பாதுகாப்புச் சான்றிதழ்? படத்தில் இரண்டு பெட்டி இருக்கும், நிஜத்தில் ஒன்றுதான். க்ளவுட் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். அங்கேயும் இரண்டு மெஷினையும் ஒரே ஜோனில், அதாவது ஒரே டேட்டா சென்டர் பகுதியில், போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது கணக்கு ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது, ரொம்ப எளிது. நொடிக்கு 200 கோரிக்கை வருகிறது, ஒவ்வொன்றும் அரை நொடி எடுக்கிறது என்றால் எந்த நேரத்திலும் உள்ளே 100 இருக்கும். டேட்டாபேஸ் சோர்ந்து ஒவ்வொன்றும் 3 நொடி ஆனால் 600. வரும் கூட்டம் கூடவே இல்லை, ஆனாலும் வெப் சர்வர் மூச்சு முட்டுகிறது. கோளாறு கீழ் அடுக்கில், அலறல் மேல் அடுக்கில். இதைப் பார்த்த பிறகு 'இன்னொரு வெப் சர்வர் சேர்க்கலாம்' என்று சட்டென்று சொல்கிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் மூன்றாம் நாளை நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட விபத்து அறிக்கைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். அறிக்கையைப் பாதியில் வெட்டிக் கொடுத்து, மிச்சத்தை ஊகிக்கச் சொல்வேன். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலை வைத்துக்கொள்ளும் சேவையான கிட்லேப் 2017 ஜனவரி 31-ல் நடந்ததை மறைக்காமல் எழுதியது. இரண்டாவது டேட்டாபேஸில் அழிக்க நினைத்ததை ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸில் அழித்துவிட்டார். பேக்கப் இருக்குமே என்பார்கள் வகுப்பில். இருந்தது, பல வழிகளில் இருந்தது. ஆனால் டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு ஒத்துப்போகாததால் அது நீண்ட நாளாக ஒன்றும் எடுக்கவே இல்லை, தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சலும் மெயில் சர்வரில் நிராகரிக்கப்பட்டுவிட்டது. கடைசியில் வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த, ஏறக்குறைய ஆறு மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான் காப்பாற்றியது. அந்த மின்னஞ்சல் இடம் வரும்போது அறையில் சத்தமே இருக்காது. அடுத்த நாள் காலை இரண்டு மூன்று பேர் தாமதமாக வருவார்கள், ஆபீசுக்குப் போன் போட்டு பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் கடைசியாக எப்போது செய்து பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 28-ல் அமேசானின் க்ளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, 'எங்கள் சேவை விழுந்துவிட்டது' என்று காட்ட வேண்டிய பலகையையே சில மணி நேரம் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அதை இயக்கும் கருவியும் எஸ்3-யை நம்பியிருந்தது. உங்கள் கண்காணிப்பு மென்பொருள் எந்த ஸ்டோரேஜில் இருக்கிறது என்று கேட்டால், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

கடைசி நாளில் படத்தோடு ஒரு பக்கத் தாளும் தர வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எதை வேண்டாம் என்றீர்கள், ஏன், எது மாறினால் இந்த முடிவை மறுபடி பார்ப்பீர்கள். படத்துக்கு நான் மதிப்பெண் தருவதே இல்லை. எழுதச் சொன்னால் முணுமுணுப்பார்கள், அதற்காக என் தீர்வையும் அதே முறையில் எழுதி, அந்தப் பழைய வெப் தளத்தின் படத்தையும் சேர்த்து மாதிரியாகக் காட்டுவேன்: செஷனை வெளியே எடுத்த பிறகு, எல்லாம் சரிசெய்த பிறகு.

மூன்று வருடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, மாதக் கடைசியைப் பற்றிக் கேட்டாளே, அதே பெண் கையைத் தூக்கினாள். 'சார், எல்லாம் இரண்டு இரண்டா இருக்கு. அந்த ஸ்டேட் சர்வர் மட்டும் ஏன் ஒண்ணு? அது நின்னுட்டா இரண்டு வெப் சர்வர்லயும் எல்லாரும் வெளியே போயிடுவாங்களே?' முன்பு பாதிப் பேர்தான் வெளியே தள்ளப்பட்டார்கள். என் தீர்வில் அது எல்லாரும் ஆகியிருந்தது, தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் போர்டைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், டீ குடித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

அந்தப் படத்தை இன்னும் திருத்தவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அப்படியே காட்டிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இதுவரை மொத்தம் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.