லவோ மலைச்சரிவும் விசுவமடுப் பெர்மிட் காணியும்

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவுக்கு வந்தது 1970களின் தொடக்கத்தில். வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு அரசாங்கம் காட்டைப் பிரித்துக் கொடுத்த காலம் அது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் கட்டுப்படுத்தியிருந்தார்கள், அதனால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. பகலில் காடு வெட்டி, இரவில் பன்றிக்குக் காவல் இருந்து, அந்த மிளகாய்க் காசில் கிணறு கட்டினார். பிறகு கிணற்றடியில் முந்திரிகைப் பந்தல் போட்டார்; திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். மீளக்குடியேறப் போனபோது சீமெந்துத் தூண்கள் சில நின்றன, கம்பி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் நான் சுவிஸ் வந்தேன்.

இங்கே முதலில் எல்லோரையும் போல ரெஸ்டோரன்ட் குசினிதான். லோசானில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, முல்லைத்தீவுக்காரர் ஒருவர் திராட்சை அறுவடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட்டிப் போனார். அங்கேயே நிரந்தர வேலையும் கிடைத்தது.

லோசானுக்குக் கிழக்கே ஜெனீவா ஏரியை ஒட்டிய மலைச்சரிவுதான் லவோ. சரிவு முழுக்கப் படிப்படியாகக் கற்சுவர் கட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். நடுக்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் தொடங்கிய வேலை. அந்தச் சுவர்களின் மொத்த நீளம் 400 கிலோமீற்றருக்கும் மேல். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. கொடிக்கு மூன்று சூரியன் என்பார்கள் இங்குள்ளவர்கள்: வானத்துச் சூரியன், ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும் கல். ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சைதான் பெரும்பாலும்.

நான் வேலை செய்வது ஒரு குடும்பத் தோட்டம். தொடங்கியவர் கூலிக்கு மற்றவர்களின் கொடியைப் பார்த்த ஒரு மனிதர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தது. நட்டப்பட்ட முதலாளி ஒருவர் கைவிட்ட இரண்டு படிகளை அவர் கடனுக்கு வாங்கினார். அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஊர்க் கொடியை ஒட்டி நட்டார். இன்றைக்கும் அப்படி ஒட்டித்தான் நடுகிறோம். மழைக்குக் கீழே இறங்கிய மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போட்டார்களாம். அந்தக் கூடை இன்னும் களஞ்சிய அறையில் தொங்குகிறது.

இந்த வீட்டில் முதல் கடமை சுவர். ஒவ்வொரு குளிர்காலமும் ஏதோ ஒரு துண்டைப் பிரித்துத் திரும்ப அடுக்குவோம். வைன் நன்றாக விற்ற ஆண்டானாலும் இல்லாவிட்டாலும் சுவருக்குக் காசு ஒதுக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

கொடி வெட்டப் பழக்கியது முதலாளியின் மகள். ஊரில் அப்பா கத்தரித்தால்தான் கொடி விழிக்கும், ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் காய்க்கும். இங்கே குளிரே கொடியை உறங்க வைக்கிறது, ஒரே ஒரு வெட்டுத்தான். அவள் என் விரலைப் பிடித்துப் போன வருடத்துக் கிளையின் அடியில் வைத்து, ஒன்று, இரண்டு என்று தளிர் வரும் கண்களைத் தடவிக் காட்டினாள். இரண்டாவது கண்ணுக்கு மேலே சரித்து வெட்டவேண்டும், வெட்டுவாய் கண்ணுக்கு மறுபக்கம் பார்க்கவேண்டும். கண் மேல் வடியும் நீர் உறைந்தால் தளிர் கருகும். கை விறைத்துப்போகும் குளிரில் அவள் ஒரு கிளையைக்கூட அவசரமாக வெட்டமாட்டாள்.

2019இல் வெவே நகரில் திராட்சைத் தோட்டக்காரர் பெருவிழா நடந்தது. 1797இல் தொடங்கியது, ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான் வரும். அங்கே முடிசூட்டுவது காணிக்காரருக்கு அல்ல, பிறர் கொடியைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு. ஆண்டாண்டாகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்துப் புள்ளி போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கூலிக்காரனுக்கு ஊரே எழும்பி நின்று கைதட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது காணி கைமாறிய விதம். முதலாளிக்கு மூத்தவன் மகன், சூரிச்சில் பொறியியலாளர். மகள் ஷாஞ்ஜன் கல்லூரியில் கொடி வளர்ப்பும் வைன் செய்வதும் படித்துவிட்டுத் தோட்டத்திலேயே நின்றாள். சுவிஸில் 1994 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, தானே பயிர் செய்யும் பிள்ளை சந்தை விலைக்கு அல்ல, காணியின் விளைச்சலைக் கொண்டு கணிக்கும் மதிப்புக்கு அதைக் கேட்டு வாங்கலாம். லவோவில் இரண்டு விலைக்கும் நடுவே பெரிய வித்தியாசம். அண்ணனுக்கு வந்தது சிறிய தொகை. ஆனாலும் அறுவடைக்கு அவர் பிள்ளைகளோடு வந்து பெட்டி சுமக்கிறார்.

எங்கள் விசுவமடுக் காணி பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்தது. நினைத்தபடி துண்டுபோட முடியாது, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் ஒருவரைப் பதியவேண்டும். அப்பா பதிந்திருந்தது என் பெயரை. ஆனால் மீளக்குடியேறிய நாளிலிருந்து அங்கே கச்சானும் பயிற்றையும் போட்டு, கிணறு இறைத்து, அப்பா அம்மாவைப் பார்ப்பது தங்கச்சி. இது சரியில்லை என்று விடுமுறைக்குப் போனபோது முற்றத்தில் வைத்துச் சொன்னேன்.

"மூத்தவன் நீ இருக்கேக்க பொம்பிளைப் பிள்ளைக்கு எழுதினா ஊர் என்ன சொல்லும் தம்பி?" என்றார் அப்பா.

ஊர் கிணறு இறைக்கவில்லையே என்றேன். பெயர் எழுதாத காணியில் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த பழைய ஒழுங்கையே 2022இல் திருத்திவிட்டார்கள் என்றும் சொன்னேன். அப்பா சட்டத்துக்கு மசியவில்லை. லவோ அண்ணன் பெட்டி சுமக்கும் கதையைத்தான் இரண்டு மூன்று தரம் கேட்டார், அவருக்கு மனத்தாங்கல் இல்லையா என்று. இருந்திருக்கும், ஆனாலும் வருகிறார் என்றேன். அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்கு அவரே புறப்பட்டார். பழைய நியமனத்தை நீக்கித் தங்கச்சி பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தார்.

பந்தலுக்குக் கம்பியும் தூணும் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்றேன் தங்கச்சியிடம். "அண்ணா, முதல்ல கிணத்தைக் கட்டவேணும், கட்டு இடிஞ்சு கிடக்கு. முந்திரிகை பிறகு" என்றாள். கிணற்றுக்கே அனுப்பினேன்.