நெட் ஆங்கில இலக்கியம்: வில்ஃப்ரட் ஓவனை நான் படித்த விதம்

நெட் தேர்வு முடிவு வந்து, உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. மனம் இப்போதுதான் நிதானத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த முறை எழுதப்போகிறவர்கள் சிலர் முதல் உலகப் போர்க் கவிஞர்களை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தார்கள். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. நான் சொல்லப்போவது ஒன்றுதான். வில்ஃப்ரட் ஓவனின் வாழ்க்கையை மாதவாரியாக, இடவாரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கைவசம் வந்துவிட்டால் சசூன், கிரேவ்ஸ், ப்ரூக், ரோசன்பர்க் எல்லோரும் அவரைச் சுற்றித் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துகொள்வார்கள்.

என்னிடம் இருந்த பயிற்சிக் கையேட்டில் ஓவனுக்கு ஒதுக்கியிருந்தது நான்கே வரி: பிறப்பு, இறப்பு, மூன்று தலைப்புகள், 'போர் எதிர்ப்புக் கவிஞர்' என்ற முத்திரை. இருபத்தைந்து வயதில் குண்டடிபட்டுச் செத்த ஒருவரை இப்படி நான்கு வரியில் அடக்கி விற்கிறார்களே என்று இன்றும் ஆத்திரம் வருகிறது. தேர்வுக்கும் அது உதவாது. பொருத்துக, காலவரிசை, கூற்று–காரணம் என்று எந்த வடிவில் வந்தாலும் எதற்குப் பின் எது, எதனால் எது என்பதைத்தான் கேட்கிறார்கள். தலைப்புகளை மட்டும் உருப்போட்டவர் அங்கே தடுமாறுவார்.

ஓவன் இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரியில் 1893 மார்ச் 18 அன்று பிறந்தார். 1911 முதல் 1913 வரை டன்ஸ்டனில் ஒரு பாதிரியாருக்கு உதவியாளராக இருந்தார். மத நம்பிக்கை தளர்ந்து அங்கிருந்து வெளியேறினார். இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் 'ஆந்தம் ஃபார் டூம்ட் யூத்' கவிதையில் மணியோசையும் மெழுகுவத்தியும் பிரார்த்தனையும் ஏன் வருகின்றன, ஆபிரகாமும் ஈசாக்கும் ஏன் ஒரு போர்க் கவிதைக்குள் நுழைகிறார்கள் என்பதற்கு விடை டன்ஸ்டனில்தான் இருக்கிறது. பிறகு பிரான்சில் போர்தோ நகரில் ஆங்கிலம் கற்பித்தார். 1915 அக்டோபரில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் ரெஜிமென்டில் அதிகாரியானார்.

இனி என் முறை. ஓவன் தன் தாய் சூசனுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினார். ஒரு கவிதையை எடுக்கும் முன் அது எந்த அனுபவத்திலிருந்து வந்ததோ அந்த நாட்களின் கடிதத்தைப் படியுங்கள். 1917 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகைவர் விட்டுச்சென்ற ஒரு பதுங்குகுழியில் இருபத்தைந்து பேர் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். ஒன்றிரண்டு அடி தண்ணீர், அதற்கு மேல் நான்கடி காற்று. ஐம்பது மணி நேரம் இப்படியே போகிறது. வாசலில் நின்ற காவலாளியின் பார்வை குண்டுவீச்சில் போய்விடுகிறது. இதைப் படித்த கையோடு 'தி சென்ட்ரி'யைத் திறந்தால், உங்கள் விளக்குகள் தெரிகின்றன என்று அந்தக் காவலாளி கத்துவதும், எங்கள் விளக்குகள் எப்போதோ அணைந்துவிட்டன என்று கவிதை முடிவதும் உங்களை விடவே விடாது. அதன் பிறகு எந்தக் கவிதை எந்த இடத்தைப் பற்றியது என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த முடிச்சு கிரெய்க்லாக்கார்ட். எடின்பரோ அருகே மனம் பாதிக்கப்பட்ட அதிகாரிகளுக்காக நடந்த மருத்துவமனை அது. குண்டதிர்ச்சிக்கு ஆளான ஓவன் 1917 ஜூனில் அங்கே அனுப்பப்பட்டார். 1917 ஆகஸ்ட் என்ற ஒரே மாதத்தை ஒரு தாளின் நடுவில் எழுதி வட்டமிடுங்கள். அதைச் சுற்றி எழுத வேண்டியவை:

- ஜூலையில் சசூன் போரைக் கண்டித்து அறிக்கை விடுகிறார். இராணுவ விசாரணையிலிருந்து தப்பிக்க வைத்து, மருத்துவக் குழுவின் முன் நிறுத்துபவர் கிரேவ்ஸ்.
- சசூன் கிரெய்க்லாக்கார்ட் வருகிறார். ஆகஸ்டில் ஓவன் தானே போய் அவரைச் சந்திக்கிறார்.
- மருத்துவமனை இதழ் 'தி ஹைட்ரா'. அப்போது அதன் ஆசிரியர் ஓவன்.
- சசூனின் மருத்துவர் ரிவர்ஸ். ஓவனின் மருத்துவர் பிராக். இருவரையும் மாற்றிப் போட்டுக் கேட்பதற்கு வாய்ப்பு அதிகம்.
- 'ஆந்தம்' கையெழுத்துப் படியில் சசூனின் திருத்தங்கள் உண்டு. அக்டோபரில் 'டல்சே எட் டெகோரம் எஸ்ட்'. நாட்டுக்காக உயிர்விடுவது இனிது, தகும் என்ற பொருளுள்ள தலைப்பு இலத்தீன் கவிஞர் ஹொரேஸிடமிருந்து வந்தது, முதலில் குறிவைத்தது போருக்கு ஆள் சேர்க்கக் கவிதை எழுதிய ஜெஸ்ஸி போப்பை.
- பின்னாளில் இதே மருத்துவமனையை வைத்து நாவல் எழுதியவர் பாட் பார்க்கர், 1991.

ரிவர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்து 1906-ல் நூல் வெளியிட்டவரும் இதே ரிவர்ஸ்தான். இது தேர்வில் வராமல் போகலாம். ஆனால் ஊட்டியின் மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சசூனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தில் அந்தப் பெயர் மறக்கவே இல்லை.

1918-ல் நடந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் ரிப்பன் நகரில் தங்கியிருந்த மாதங்களில் நிறைய எழுதினார். வெளியிட நினைத்த தொகுப்புக்கு முன்னுரை ஒன்றையும் வரைவாக எழுதிவைத்தார். கவிதை இரக்கத்தில்தான் இருக்கிறது என்ற புகழ்பெற்ற கூற்று அதில் வருவது, எந்தக் கவிதையிலும் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். அந்தக் கோடையின் இறுதியில் மீண்டும் பிரான்சு போனார். அக்டோபர் தொடக்கத்தில் ஜான்கூர் அருகே நடந்த சண்டைக்காக மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம். நவம்பர் 4 அன்று ஓர்ஸ் என்ற ஊரில் சாம்பர்–வாஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். ஒரு வாரம் கழித்துப் போர் நின்றது. ஷ்ரூஸ்பரியில் வெற்றி மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது பெற்றோருக்குத் தந்தி வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சூசன் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். போருக்குக் கிளம்பும்போது மகன் தன்னிடம் சொல்லிவிட்டுப் போன வரிகள் தாகூருடையவை என்றும், திரும்பி வந்த அவருடைய சட்டைப்பைக் குறிப்பேட்டில் தாகூரின் பெயரோடு அந்த வரிகள் இருந்தன என்றும் அதில் எழுதியிருந்தார். 'கீதாஞ்சலி'யையும் ஓவனையும் வெவ்வேறு அலகுகளில் படிக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

வடிவம் பற்றி: ஓவன் என்றால் பாராரைம். மெய்யொலி ஒத்துப்போய் உயிரொலி மாறும் இயைபு. 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்'கில் எஸ்கேப்ட்–ஸ்கூப்ட், ஹால்–ஹெல். இலக்கணக் குறிப்பாகப் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். சேர்ந்துவிடும் என்று காது எதிர்பார்த்து, சேராமல் நிற்கும்போது ஒரு குறை தங்குகிறதே, கவிதைக்கு வேண்டியது அதுதான். மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதுவது என் இயல்புக்கு ஒத்துவராது. அந்த நேரத்தையும் வாசிப்பதற்கே கொடுத்தேன். மெதுவாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் இதையே செய்யலாம்.

காலவரிசைக்கு:

- இறப்பு வரிசை: ப்ரூக் (1915 ஏப்ரல்), சோர்லி (1915 அக்டோபர்), எட்வர்ட் தாமஸ் (1917 ஏப்ரல்), ரோசன்பர்க் (1918 ஏப்ரல்), ஓவன் (1918 நவம்பர்). பிழைத்தவர்கள்: சசூன் 1967, பிளண்டன் 1974, கிரேவ்ஸ் 1985.
- ப்ரூக் போர்முனையில் சாகவில்லை. கலிப்போலிக்குப் போகும் வழியில் இரத்தம் நஞ்சாகி இறந்தார்.
- ஓவன் பதிப்புகள்: சசூன் 1920 (ஈடித் சிட்வெல் உழைப்பும் அதில் உண்டு), பிளண்டன் 1931, டே லூயிஸ் 1963.
- யேட்ஸ் 1936-ல் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பில் ஓவனுக்கு இடம் தரவில்லை. செயலற்ற துயரம் கவிதைக்குரிய பொருள் அல்ல என்பது அவர் சொன்ன காரணம். கூற்று–காரணத்துக்கு அப்படியே பொருந்தும்.
- இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்', 1962, கவென்ட்ரி. அதில் ஓவனின் கவிதைகள் இலத்தீன் பிரார்த்தனையோடு சேர்ந்து வருகின்றன.

நாட்கள் குறைவாக இருந்தால் 'தி சென்ட்ரி', 'ஆந்தம்', 'டல்சே', 'ஃபியூட்டிலிட்டி', 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' ஐந்தையும் முழுதாகப் படியுங்கள். மற்றவற்றுக்குச் சுருக்கம் போதும். கடிதங்களில் 1917 ஜனவரியில் எழுதியவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.